உங்கள் நல்ல மனசை யார் கேட்டார்கள்?

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டரில் திருவெள்ளறை. பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களில் சிலர், மதிலுக்கு வெளியே இருக்கும் பழைய கிணற்றையும் எட்டிப் பார்த்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஸ்வஸ்திக் வடிவக் கிணறு; நான்கு பக்கமும் படிகள். ஒரு துறையில் குளிப்பவருக்கு அடுத்த துறையில் குளிப்பவர் தெரியமாட்டார் என்று சொல்வார்கள். பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடித்தது, அதாவது கி.பி. 800ஐ ஒட்டிய காலம். வெட்டியவர் ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த கம்பன் அரையன். மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர்.

அங்கே இருக்கிற கல்வெட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது மன்னன் பெயரோ ஆண்டோ அல்ல. அதில் இரண்டு தரப்பார் பேசுகிறார்கள். ஒரு தரப்பு, கிணறு வெட்டிய தனிமனிதர். வாழ்க்கை நிலையில்லாதது, முதுமை வந்து தளர்த்துவதற்கு முன் உண்டது போக மிஞ்சியதை உலகம் அறிய வைத்துவிட வேண்டும் என்ற பொருளில் ஒரு பாட்டு அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு தரப்பு, ஊரைச் சேர்ந்த மூவாயிரத்து எழுநூற்றுவர். இதைக் காப்பவர்கள் நாங்கள் என்று தன்மைப் பன்மையில் பொறுப்பேற்கிறார்கள்.

முதலாவது அறம். இரண்டாவதை இன்றைய சொல்லில் குடிமைக் கடமை என்று சொல்லலாம். கம்பன் அரையன் கிணறு வெட்டாமல் போயிருந்தால் யாரும் அவரிடம் போய் ஏன் வெட்டவில்லை என்று கேட்டிருக்க முடியாது. ஆனால் தூர் வாராமல், படிக்கட்டு இடிந்து கிடந்தால், காப்போம் என்று கல்லில் எழுதிக் கொடுத்தவர்களின் சட்டையைப் பிடிக்கலாம். ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1797இல் எழுதிய நூலில் கடமைகளை இப்படித்தான் பிரித்தார்: வெளியிலிருந்து ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடியவை ஒரு வகை, அவரவர் உள்ளம் மட்டுமே கட்டாயப்படுத்தக் கூடியவை இன்னொரு வகை. நமக்கு ரேஷன் கடை போதும். பசித்து வந்தவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சோறு போட்டால் அது அவருடைய நல்ல குணம். போடாவிட்டால் வழக்குப் போட முடியாது. ரேஷன் கடைக்காரர் அரிசி தர மறுத்தால் தாலுகா அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கடைக்காரருக்கு நம்மைப் பிடிக்கிறதா, அவர் நல்லவரா கெட்டவரா என்பது அங்கே கேள்வியே இல்லை. கேட்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

சரி, அந்த மூவாயிரத்து எழுநூற்றுவர் யார்? திருவெள்ளறைத் தலபுராணம் ஒரு கதை சொல்கிறது. சிபிச் சக்கரவர்த்தி வடக்கிலிருந்து 3,700 வைணவர்களை அழைத்து வந்தாராம். வழியில் ஒருவர் இறந்துபோனார். எண்ணிக்கை குறைகிறதே என்று மன்னன் கலங்க, பெருமாளே மனித வடிவில் வந்து 3,700ஆவது ஆளாகச் சேர்ந்து கணக்கை நேர்செய்தாராம்.

பக்தர்கள் உருகும் கதைதான். ஆனால் நம் கண்ணுக்கு வேறொன்று படும். ஊர் என்ற கணக்கில் ஒரு ஆள் குறைந்தபோது, அந்த இடத்தை நிரப்பக் கடவுளே இறங்கி வர வேண்டியிருந்தது! அதே மண்ணில் நெல் நட்டவர்களிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கதை கட்டியவருக்குத் தோன்றவில்லை. 'ஊர்' என்று இன்றைக்கும் நாம் சொல்லும்போது சேரி அதில் அடங்குவதில்லை. ஊருக்குள் போகிறேன், சேரிக்குப் போகிறேன் என்று இரண்டாகத்தான் பேசுகிறோம்.

குடிமை என்ற சொல்லின் வரலாறும் அப்படித்தான். குடிமக்கள் என்றால் இன்று நமக்கு சிட்டிசன்கள். பழைய வழக்கில் ஊருக்கு ஊழியம் செய்யும் சாதிகளுக்கும் அதே பெயர். நாவிதரைக் 'குடிமகன்' என்று அழைத்த கிராமங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் வெள்ளாளர் வீடுகளுக்குப் பரம்பரையாகச் சேவகம் செய்யக் கட்டுப்பட்ட சாதிகளைக் குடிமைச் சாதிகள் என்றார்கள். அன்றைக்குக் குடிமைக் கடமை என்று யாராவது சொல்லியிருந்தால், துணி வெளுப்பதும் முடி வெட்டுவதும் சாவு வீட்டில் நிற்பதும்தான் நினைவுக்கு வந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் செலுத்துகிற கடமை. மறுபக்கம் கேட்கிற உரிமை. சமத்துவமான குடியுரிமை என்பது இந்தச் சொல்லுக்குள் 1950க்குப் பிறகு நாம் வலிந்து ஏற்றிய பொருள். இன்னும் முழுதாக ஏறவில்லை.

அப்படியானால் மேல்சாதியாரிடம் அறமே இருந்ததில்லையா? இருந்தது. திருவெள்ளறையிலிருந்து தெற்கே வந்து கொள்ளிடம் தாண்டினால் ஸ்ரீரங்கம். திருப்பாணாழ்வார் கதை அங்கேதான் நடக்கிறது. உறையூரைச் சேர்ந்த பாணர். தீட்டு என்பதால் தீவுக்குள் கால் வைக்காமல் காவிரியின் தென்கரையில் நின்று பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், விலகவில்லை என்று கல்லெறிந்தார். நெற்றியில் இரத்தம். பிறகு அரங்கனே கனவில் வந்து கட்டளையிட, அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார். பாணர் பாடி முடித்துக் கடவுளோடு கலந்துவிட்டார் என்று கதை முடிகிறது.

சாதிக்கு எதிரான வைணவத்தின் சான்று என்று இதைத்தான் நம்மிடம் நீட்டுவார்கள். நான் அந்த முனிவரின் மனவருத்தத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் கதையில் என்ன மாறியது? பாணரின் கால் கடைசி வரை ஸ்ரீரங்கத்து மண்ணில் படவே இல்லை. போனவர் திரும்பி வரவும் இல்லை, வந்திருந்தால் மறுநாள் நடந்து போகவா, தோளிலா என்ற கேள்வி எழுந்திருக்கும். அவருடைய உறவினர்களுக்குப் படித்துறை திறந்ததாகக் கதை சொல்லவில்லை. ஒருவருடைய மனம் திருந்தியது, ஒருவர் தூக்கப்பட்டார், வழி அப்படியே மூடிக்கிடந்தது. அறம் தன் உச்சத்தைத் தொட்டாலும் இவ்வளவுதான் செய்யும்.

இதையே அண்ணல் அம்பேத்கர் 1932இல் அரசியல் மொழியில் எழுதினார். பூனா ஒப்பந்தத்துக்குப் பின் காந்தி தொடங்கிய தீண்டாமை ஒழிப்பு அமைப்பு (பின்னாளில் அரிஜன சேவா சங்கம்) என்ன வேலை செய்ய வேண்டும் என்று அதன் செயலாளர் தக்கர் பாபாவுக்கு அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று கப்பலில் பயணித்தபடியே ஒரு கடிதம் எழுதினார். தீண்டப்படாதவருக்கு மது விலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று தனிமனித ஒழுக்கத்தை வளர்க்கும் வேலைகளில் பணத்தைக் கரைக்காதீர்கள் என்றார். கிராமக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது, பள்ளியில் சேர்வது, பொதுச் சாவடியில் நுழைவது, பொது வண்டியில் ஏறுவது ஆகிய குடியியல் உரிமைகளை நிலைநாட்டும் போராட்டத்தை நாடெங்கும் நடத்துங்கள் என்றார். அதனால் கலவரம் வரும், இரத்தம் கூடச் சிந்தலாம், ஆனால் நெருக்கடி வந்தால் ஒழியச் சாதி இந்து சிந்திக்க மாட்டான் என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

அந்தக் கடிதம் கிடைத்தது என்று கூட எனக்குப் பதில் வரவில்லை என்று பின்னர் பதிவு செய்கிறார். சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதவருக்கு ஏன் இடமில்லை என்று கேட்கப் போனவர்களுக்குக் காந்தியின் தரப்பு சொன்ன விளக்கம் இன்னும் தெளிவானது: இது தீண்டாமை என்ற பாவத்துக்காக இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், ஆகவே இந்துக்களே நடத்த வேண்டும். யோசித்துப் பாருங்கள். பிராயச்சித்தத்தில் கதாநாயகன் பாவம் செய்தவர்தான். பாதிக்கப்பட்டவர் அதில் மேடைப் பொருள். எவ்வளவு, எப்போது, எப்படி என்பதை முடிவு செய்வதும், போதும் என்று நிறுத்துவதும் கொடுப்பவர்தான். அம்பேத்கர் கேட்டது பிராயச்சித்தம் அல்ல, கடன் வசூல்.

அரசமைப்புச் சட்டம் அந்த வசூல் பத்திரம். 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததை நாம் மேடைதோறும் சொல்வோம். 15(2)ஐ அவ்வளவாகச் சொல்வதில்லை. கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுபவை மட்டுமல்ல, பொதுமக்களின் பயன்பாட்டுக்கென்று அர்ப்பணிக்கப்பட்டவையும் அதில் அடக்கம். அதாவது, எங்க தாத்தா வெட்டிய கிணறு, எங்க வகையறா கட்டிய சத்திரம் என்ற பேச்சு செல்லாது. ஊருக்கு என்று விட்ட கணமே அது கொடையாளரின் கையை விட்டுப் போய்விட்டது. கொடுத்தவரின் அறம் கொடுத்ததோடு முடிந்தது, இனி நுழைகிறவரின் உரிமை.

இந்த இடத்தில் 1976ஆம் ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெருக்கடி நிலைக் காலம். உரிமைகள் முடக்கப்பட்டிருந்த அந்த ஆண்டில்தான் 42ஆவது திருத்தம் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று 51அ பிரிவைக் கொண்டுவந்தது. பத்து கடமைகள், 2002இல் பதினொன்றாவதும் சேர்ந்தது. தேசியக் கொடியை மதி, காட்டையும் ஏரியையும் பாதுகாவல் செய், அறிவியல் மனப்பான்மையை வளர். பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை இப்போது எடுத்துத் திரும்பப் படியுங்கள். மதம், மொழி, வட்டாரம், பிரிவு ஆகிய வேறுபாடுகளைக் கடந்த சகோதரத்துவம் என்று இருக்கிறது. சாதி என்ற சொல் இல்லை! இந்தியாவில் ஒரு குடிமகனுக்கு என்னென்ன கடமை என்று உட்கார்ந்து எழுதியவர்களுக்கு, சாதி பார்க்காதே என்பதை ஒரு வரியாகச் சேர்க்க முடியவில்லை. பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் பழக்கங்களைக் கைவிடு என்று எழுதத் தெரிந்தவர்கள்தான். போதாததற்கு, இந்தக் கடமைகளை மீறினால் தண்டனை என்று அந்தப் பிரிவு எதையும் சொல்லவும் இல்லை. பெயர் குடிமைக் கடமை, உள்ளடக்கம் நீதிபோதனை வகுப்பு.

அதே 1976இல் இன்னொரு வேலையும் நடந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் திருத்தப்பட்டு, குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதில் 10அ என்று ஒரு பிரிவு நுழைந்தது. ஒரு பகுதி மக்கள் தீண்டாமைக் குற்றத்தில் ஈடுபட்டாலோ, துணைபோனாலோ, குற்றவாளிக்கு இடம் கொடுத்தாலோ, குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் தம்மால் முடிந்த உதவியைச் செய்யத் தவறினாலோ, முக்கியச் சாட்சியத்தை மறைத்தாலோ, அந்தப் பகுதி மக்கள் மீது மாநில அரசு கூட்டு அபராதம் விதிக்கலாம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தன் 16ஆவது பிரிவில் இதையே எடுத்துக்கொண்டது.

இதுதான் பல் உள்ள குடிமைக் கடமை. 'எனக்கு எதுவும் தெரியாதுங்க' என்று ஊரே சேர்ந்து சொல்வதைச் சட்டம் கடமை தவறுதலாகப் பார்க்கிறது. 51அ பிரிவைச் சுவரில் எழுதி வைத்த பள்ளிகள் உண்டு. 10அ பிரிவை எந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

திருச்சிக்குப் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில் 2022 டிசம்பர் 26 அன்று, தலித் குடியிருப்புக்கான 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு உடல்நிலை கெட்டதில்தான் தண்ணீர் மீது சந்தேகமே வந்தது. மறுநாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போனபோது மேலும் இரண்டு செய்திகள் வெளிவந்தன. டீக்கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலில் தலித்துகளுக்கு அனுமதி இல்லை. ஆட்சியர் அன்றே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார், குவளை விவகாரத்தில் வழக்கு பதிவானது.

அன்றைக்கு எல்லோரும் ஆட்சியரைப் பாராட்டினோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் குவளை டிசம்பர் 27 அன்று முளைக்கவில்லை. அதற்கு முன் எத்தனை கிராம நிர்வாக அலுவலர்கள், எத்தனை வருவாய் ஆய்வாளர்கள், எத்தனை காவலர்கள் அந்தக் கடையில் டீ குடித்திருப்பார்கள்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு அவர்களுக்காகத்தான் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியர் இச்சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் 6 மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை. நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் வழக்கு என்று அதிலேயே ஒரு பூட்டும் தொங்குகிறது, அதனால் அந்தப் பிரிவு தூங்குகிறது. விளைவு, தன் கடமையைச் செய்யும் ஓர் அதிகாரி நமக்கு அறச்செம்மலாகத் தெரிகிறார். குடிமைக் கடமை அழுகிக் கிடக்கும் நாட்டில், சாதாரண வேலையே தியாகமாகத் தோன்றும்.

வேங்கைவயல் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மரபணுச் சோதனைகள் நடந்தன. இரண்டாண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த மக்களும் தலித் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. வேறு விசாரணை கேட்டார்கள். நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியதை நான் இங்கே தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதைத் தனிக்குற்றமாக 1989லேயே எழுதி வைத்த ஒரு சட்டம் இருக்கும்போது, தலித் குடியிருப்புக்கு ஏன் தனித் தொட்டி என்ற கேள்வியை எந்தக் குற்றப்பத்திரிகையும் தொடுவதில்லை. தனித் தொட்டி கட்டியதற்குப் பின்னால் ஒரு 'நல்ல மனசு' கூட இருந்திருக்கும். பாவம், அவங்களும் தண்ணி குடிக்கணுமே என்று!

சாதி இந்த இரண்டு கடமைகளையும் இடம் மாற்றி வைத்துப் பிழைக்கிறது. தண்ணீர், பாதை, சுடுகாடு, கோயில் நுழைவு இவையெல்லாம் கேட்டு வாங்கக் கூடியவை. அவற்றை அறத்தின் பக்கம் தள்ளிவிடும். 'பணிவா வந்து கேட்டா நாங்களே விடமாட்டோமா? போலீசோட வந்தா எப்படி?' இந்த வசனத்தைக் கேட்காத இயக்கத் தோழர் யாரும் இருக்க முடியாது. மறுபக்கம், காதலும் திருமணமும் இரண்டு பேரின் மனம் சார்ந்தவை, ஊருக்கு அங்கே வேலையே இல்லை. அவற்றைக் கொண்டுபோய்க் குடிமைக் கடமையாக்கிவிடும். ஊர்க் கட்டுப்பாடு, தண்டம், ஒதுக்கி வைத்தல், கடைசியில் கொலை. தர வேண்டியதைப் பிச்சையாக்கு, தலையிடக் கூடாததைச் சட்டமாக்கு. சாதியின் அரசமைப்பு இந்த இரண்டே பிரிவுகளில் அடங்கிவிடும்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித்துகளை மறித்து நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்துப் பாதை திறந்தது. ஆதிக்கச் சாதியார் அதை எதிர்த்து ஊரை விட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். குடும்ப அட்டைகளை அதிகாரிகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் செய்கையை நான் மிக நேர்மையான ஒன்றாகக் கருதுகிறேன். சாதியும் குடியுரிமையும் ஒரே பையில் இருக்க முடியாது என்பதை நம் மாநாட்டுத் தீர்மானங்களை விடத் தெளிவாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எதை வைத்துக்கொள்வது என்று கேட்டபோது, சாதியை வைத்துக்கொண்டு அட்டையைக் கொடுத்தார்கள்.

இங்கே இளம் தோழர்களிடம் ஒரு வார்த்தை. 'நான் சாதி பார்ப்பதில்லை' என்ற நிலைத்தகவலும், ஏப்ரல் 14க்கு நீலப் பின்னணியில் ஒரு படமும் உங்கள் உள்ளத்தைப் பற்றிய செய்திகள். மகிழ்ச்சி. ஆனால் அவற்றால் பயன் பெறுவது பெரும்பாலும் நீங்கள்தான். சேரிக்காரர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது, சாதி மறுத்துக் காதலிப்பது, அப்பாவோடு சண்டை போடுவது இவை வேறு. சட்டம் எட்டாத இடத்தில் நடப்பவை, அறம்தான் அங்கே ஆள வேண்டும், அதற்கு வேறு மாற்று இல்லை. நான் சொல்வது அதற்கு முந்தைய படி. வாடகைக்கு வீடு பார்க்கும்போது தரகர் 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்கிறார். நீங்கள் ஆதிக்கச் சாதியில் பிறந்தவராக இருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்வது எளிது. உங்கள் ஊரில் ஒரு வன்கொடுமை நடந்து, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்றால், பதிவு போடுவதை விடச் சாட்சி சொல்வது முக்கியம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு தருவதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. வன்கொடுமை வழக்கில் பிறழ் சாட்சிகள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. பலர் நல்லவர்கள், சொந்தக்காரர்களைக் காட்டிக்கொடுக்க மனம் வராத நல்லவர்கள்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை மேல்நிலைத் தொட்டிகள், எந்தத் தெருவுக்கு எது, காலனிக்கு ஏன் தனி, ஏணிக்கும் மூடிக்கும் பூட்டு உண்டா, சாவி யாரிடம், கடைசியாகக் கழுவிய தேதி என்ன என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், பத்து ரூபாய் வில்லை ஒட்டினால் போதும்.